புட்டிக்கு அடியில் இருக்கும் எண்

அனுப்புநர்:
த. சுயம்புலிங்கம் (வயது 71),
கல்வேலை செய்து ஓய்ந்தவர்,
மயிலாடி,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: காவல் நிலைய வளாகத்தில் நிற்கும் ஜாவா மோட்டார் சைக்கிளை 29.08.2025 அன்று நடக்கும் ஏலத்தில் சேர்க்காமல் நிறுத்தி வைக்கவும், அதன் சேசிஸ் எண்ணை மூடியிருக்கும் புட்டிப் பசையை நீக்கிப் பார்க்கவும் உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 11.02.2025 அன்று நான் கைநாட்டு வைத்துக் கொடுத்த வாக்குமூலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரிகள் ஏறியும் இறங்கியும் போகின்றன. ஒரே எழுத்து ஓரிடத்தில் நெல்லளவும் இன்னோர் இடத்தில் புளியங்கொட்டை அளவும் இருக்கிறது. நான் எழுதப் படிக்கத் தொடங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. இந்த மனுவை எழுத ஒன்பது நாள் ஆனது. தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் அரை மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆனாலும் இத்தனை வருடம் கழித்துக் கைக்கு வந்த வேலையை இன்னொருவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிழைகளை எங்கள் எழுத்தறிவு மையத்து ஆசிரியை சுபிதா திருத்தித் தந்தார். சொன்னதெல்லாம் நான்.

1. நான் ஐம்பது வருடம் கல்வேலை செய்தவன். தூண், விளக்குப் பீடம், சாமி சிலை எல்லாம் செய்திருக்கிறேன். கல்லில் பெயர் வெட்டும் வேலை மட்டும் எங்கள் பட்டறையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஜெபமணிக்குப் போகும். கல்தூள் நெஞ்சில் ஏறிவிட்டது, இனி உளி பிடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. சும்மா இருக்கக் கை கேட்கவில்லை. பழைய மோட்டார் சைக்கிள்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடியும் ஓடவைக்கப் பழகினேன். விற்பதற்கு அல்ல. ஓடாது என்று விட்டுப்போன ஒன்று ஓடுவதைப் பார்ப்பதற்கு. முதல் வண்டி ஒரு ராஜ்தூத். அதை என் மருமகன் ஓட்டுகிறார். இரண்டாவதுதான் இந்த ஜாவா.

2. இந்த வண்டி ஆரல்வாய்மொழியில் மின்வாரிய லைன்மேனாக இருந்து காலமான திரு. சிலுவைதாசன் அவர்களுடையது. அவர் போனபிறகு இருபத்து மூன்று வருடம் ஓலைச் சாய்ப்பில் நின்றது. சீட்டுக்கு அடியில் கோழி அடை கிடந்தது. காற்றாலையில் வேலை செய்யும் ஒரு மெக்கானிக் சொல்லித்தான் நான் போய்ப் பார்த்தேன். அவருடைய மனைவி ஜெபகனி அக்கா விலை பேசவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெலையொண்ணும் வேண்டாம். ஓடிச்சுன்னா எனக்க வாசல்ல கொண்டு வந்து நிறுத்தி ஒருக்கா முறுக்கிக் காட்டும். ஓடல்லன்னா அதச் சொல்ல வராதேயும்." ஆர்.சி. புத்தகத்தையும், வண்டியைத் தந்ததற்கு ஒரு கடிதத்தையும் அன்றே கொடுத்தார்கள்.

3. ஒன்றரை வருடம் வேலை செய்தேன். கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. இரண்டு சைலன்சர்களில் ஒன்று துருவில் உதிர்ந்துபோனது. அதற்கு மாற்று தேடி மதுரை வரை போனேன். பெட்ரோல் டாங்கில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தேன். அந்த நாட்களைப் பற்றி எழுதினால் மனு நீளும். மகிழ்ச்சியாக இருந்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

4. இனி என் தவறு. கல்லில் தவறு செய்தால் திருத்த முடியாது ஐயா. சிலையின் மூக்கில் ஒரு பொட்டுத் தெறித்தால் மூன்று மாத வேலை போய்விடும். அந்தக் கல்லைப் படிக்கட்டுக்குத்தான் போடலாம். அடைத்து மறைப்பது எங்கள் தொழிலில் பாவம். அந்தப் பழக்கத்தோடு, வண்டியின் இரும்புச் சட்டத்தில் துரு தின்ற குழிகளைப் பார்த்து நான் கலங்கி நின்றேன். வடசேரியில் பெயிண்ட் அடிக்கும் ஆன்ட்ரூஸ் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, இது கல்லு இல்ல, இரும்பாக்கும். குழியப் பாத்து இப்பிடி நடுங்காதீங்க. ரெண்டு கோட்டு புட்டி இழுத்துத் தேச்சா, குழியும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

தவறை மன்னிக்கிற ஒரு பொருள் உலகத்தில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கைக்குத் தட்டுப்பட்ட குழியையெல்லாம் அடைத்தேன். மட்கார்டில் அடைத்தேன். ஸ்டாண்டின் காலில்கூட அடைத்தேன். ஹேண்டிலுக்குக் கீழே சட்டத்தின் கழுத்தில் பழைய பெயிண்டுக்கும் துருவுக்கும் நடுவே சின்னச் சின்னப் பள்ளங்கள் வரிசையாக இருந்தன. அதை அடைக்கத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். மூன்று கோட்டு வைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சாமியின் கன்னம்போல் ஆக்கினேன். அந்தப் பள்ளங்கள்தான் சேசிஸ் எண். கம்பெனிக்காரர் அடித்த எண் அங்கே இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். ராஜ்தூத் செய்தபோது எனக்குப் புட்டி தெரியாது. அதனால் அதன் எண் தப்பித்தது.

ஆன்ட்ரூஸ் பெயிண்ட் மட்டும்தான் அடித்தார். அவர்மேல் குற்றமில்லை. பிறகு கேட்டபோது, "நம்பரக் காணல்லியேன்னு நெனச்சேன் அண்ணாச்சி. ஒருவேள மறுபக்கம் கெடக்கும்னு விட்டுட்டேன்" என்று தலையில் கைவைத்தார்.

5. 11.02.2025 காலை, ஜெபகனி அக்காவிடம் காட்டுவதற்காக வண்டியில் புறப்பட்டேன். ஆர்.சி.யைப் புதுப்பிக்காமல் சாலையில் எடுத்தது தவறு. முதலில் அக்காவிடம் காட்டிவிட்டு மறுநாள் அந்த வேலைக்குப் போகலாம் என்று இருந்தேன். வழியில் வாகனச் சோதனை நடந்தது. என்னை நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். எந்த நிலையம் என்பது இணைப்பிலுள்ள ரசீதில் இருக்கிறது. இங்கே எழுதினால் அவர்கள்மேல் புகார் சொன்னதாக ஆகிவிடும். அவர்கள் எனக்கு டீ வாங்கித் தந்தார்கள்.

சார்பு ஆய்வாளர் டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தார். "பாட்டா, நம்பர் எங்க?" என்றார். எந்த நம்பர் என்று கேட்டேன். "கழுத்துல அடிச்சிருப்பான்லா, அது." அப்போதும் எனக்குப் புரியவில்லை. வேலையைப் பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "கழுத்துல கொஞ்சம் குழி கெடந்துது சார். நாந்தான் அடைச்சேன். தடவிப் பாருங்க, ஒண்ணும் தட்டுப்படாது" என்று பெருமையாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற காவலர் உள்ளே பார்த்து, "ஏலே, பாட்டா ஒத்துக்கிட்டாரு, எழுது" என்றார்.

இன்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போனது. ஆனால் ஒரு வண்டியின் இன்ஜினை வேறொரு திருட்டு வண்டியின் சட்டத்தில் மாட்டியிருக்கலாம் அல்லவா, சட்டத்தின் எண்ணும் வேண்டும் என்றார்கள். அது நியாயம். "சேசிஸ் எண்ணை நானே மறைத்தேன்" என்ற வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். அதுவும் உண்மை. கையெழுத்துப் போடப் பேனா நீட்டினார்கள். அப்போது எனக்கு என் பெயரில் 'சுயம்பு' வரைதான் எழுத வரும். பாதிப் பெயர் போடுவதைவிட விரல் வைப்பது மரியாதை என்று விரல் வைத்தேன். அந்த வாக்குமூலத்தை நான் மாற்றிச் சொல்லவில்லை. அதோடு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்: எண் அழிக்கப்படவில்லை, புட்டிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

6. வண்டியை ஓரமாக நிறுத்துவதற்காகக் காவலர்கள் கிளப்பிப் பார்த்தார்கள். கிக்கரைக் காணவில்லை என்று மூன்று பேர் தேடினார்கள். ஜாவாவில் கியர் லீவரைத்தான் உள்ளே அழுத்தி மேலே தூக்கிக் கிக்கராக மிதிக்க வேண்டும். நான் காட்டினேன். "இது என்ன எளவு, கியரும் கிக்கரும் ஒண்ணா!" என்று அவர்கள் அதிசயப்பட்டார்கள். முதல் மிதியிலேயே கிளம்பியது. சார்பு ஆய்வாளரே வெளியே வந்து நின்று கேட்டார். நல்ல சத்தம் என்று சொன்னார். பிறகு அணைக்கச் சொன்னார்.

7. அதன்பின் ஆறு மாதமாக வண்டி பூவரச மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. புதன்கிழமைதோறும் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். வழக்குச் சொத்தைத் தொடக் கூடாது என்பதால் தொடவில்லை. ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து மண்ணை வாரி அதன்மேல் இறைக்கிறது. பின் டயர் இறங்கிவிட்டது. ஜூலை கடைசிப் புதன்கிழமை அங்கே சுவரில் ஒட்டியிருந்த தாளை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். உரிமை கோரப்படாத வாகனங்கள் ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஏலம் என்று இருந்தது. பன்னிரண்டாவது வரியில் ஜாவா. நான் முழுதாக வாசித்த முதல் அரசாங்கத் தாள் அதுதான். வாசிக்க வந்தது என்ற சந்தோஷம் வாசித்து முடிக்கும்வரை இருந்தது. ஏலம் எடுப்பவர் உடைத்து எடைக்குப் போடுவார் என்று காவலர் சொன்னார்.

8. ஜெபகனி அக்காவிடம் நான் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன். போன் செய்யும்போதெல்லாம் பெயிண்ட் இன்னும் காயவில்லை என்றேன். ஜூலையில் அவர் பொறுமை இழந்து, "ஆறு மாசமாக் காயாத பெயிண்டா? கடல்லயா முக்கி எடுத்தீரு?" என்று கேட்டார். செப்டம்பர் முதல் தேதி அவருடைய மகள் வந்து அவரை ஓசூருக்குக் கூட்டிப் போகிறார். வீட்டைப் பூட்டிவிடுவார்கள். எழுபத்தெட்டு வயதில் திரும்பி வருவது எளிதல்ல.

வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் ஓர் அஞ்சலட்டையில் எல்லாவற்றையும் எழுதினேன். குழியை அடைத்தது, மாட்டிக்கொண்டது, பெயிண்டைப் பற்றிப் பொய் சொன்னது எல்லாம். அது என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கடிதம். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: "அவருக்கும் போலீஸ் ஸ்டேசனுக்கும் ஒத்தே வராது. இப்ப வண்டி அங்க குடியிருக்கு பாத்தீரா. வாசலுக்கு வண்டி வரல்லன்னா என்ன, வண்டி நிக்க எடத்துக்கு நான் வாறேன். ஏலத்துக்கு முந்தி என்னைக்கு வரணும்னு கேட்டுச் சொல்லும்."

அதைக் கேட்டுச் சொல்லத்தான் தங்களிடம் வந்திருக்கிறேன்.

9. ஆகவே நான் பணிவோடு கேட்பவை:

அ) மேற்படி ஜாவா மோட்டார் சைக்கிளை 29-ஆம் தேதி ஏலப் பட்டியலிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அது உரிமை கோரப்படாத வண்டி அல்ல. நான் கோருகிறேன். இதற்குமுன் எழுதிக் கோரத் தெரியாமல் இருந்தேன்.

ஆ) மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் கழுத்துப் புட்டியை நீக்க உத்தரவிட வேண்டும். பெயிண்ட் ரிமூவர் தடவிக் கால் மணி நேரம் விட்டால் போதும். சுத்தியலோ உளியோ வைக்க வேண்டாம், எண் காயப்படும். மழுங்கிய பித்தளைத் தகடு ஒன்று நான் தேய்த்து வைத்திருக்கிறேன். நான் கைவைக்கக் கூடாது என்றால் தள்ளி நிற்கிறேன், வேறு யாராவது செய்யட்டும். வெளியே வரும் எண் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதோடு ஓர் எழுத்து மாறினாலும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்.

இ) இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை, நாளும் போதாது என்று தாங்கள் கருதினால், முதல் இரண்டையும் விட்டுவிடுகிறேன். இந்த ஒன்றை மட்டும் தள்ள வேண்டாம். ஏலத்துக்கு முன் ஒரு நாள் காலையில் ஜெபகனி அக்கா நிலைய வளாகத்துக்கு வரவும், பூவரச மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவும், நான் வண்டியை ஒரே ஒரு முறை கிளப்பவும் அனுமதி தர வேண்டும். பெட்ரோலும் பிளக்கும் நான் கொண்டு வருகிறேன். ஆறு மாதம் நின்ற வண்டி முதல் மிதியில் கிளம்பாது. பத்து மிதியாவது ஆகும், அதற்கு மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிலுவைதாசன் அவர்கள் பணி முடிந்து தெரு முனை திரும்பும்போதே அக்கா இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பில் தண்ணீர் வைப்பாராம். ஐந்து நிமிடம் ஓடட்டும். பிறகு நானே அணைத்து, சாவியை நிலையத்தில் ஒப்படைத்துவிடுகிறேன்.

தங்கள் பதில் எதுவானாலும் அடுத்த திங்கள்கிழமை, 25-ஆம் தேதி, குறைதீர் கூட்டத்துக்கு இன்னொரு மனுவோடு வருவேன். இது ஒன்பது நாள் வேலை. அதற்கோ ஏழு நாள்தான் இருக்கிறது. ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் எழுதத் தொடங்க வேண்டும். அதற்குள் அனுமதி வந்துவிட்டால் அதை நன்றிக் கடிதமாக மாற்றிக்கொள்கிறேன். தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான், வணக்கம் ஐயா என்று.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

த. சுயம்புலிங்கம்

இடம்: நாகர்கோவில்
நாள்: 18.08.2025, திங்கள்கிழமை

இணைப்பு:
1. ஆர்.சி. புத்தகத்தின் நகல்
2. ஜெபகனி அம்மாள் வண்டியை எனக்குத் தந்த கடிதத்தின் நகல்
3. காவல் நிலைய ரசீதின் நகல்
4. வண்டியின் புகைப்படம் ஒன்று (பெயிண்ட் அடித்த மறுநாள் எடுத்தது. திருப்பித் தந்தால் நல்லது, வேறு படம் இல்லை.)