சாட்சிக் கையெழுத்து

1931 ஐப்பசி 9, பிரிக்பீல்ட்ஸ்

இன்று அப்பாவின் உயிலை எடுத்துக்கொண்டு வக்கீல் குமாஸ்தாவிடம் போனேன். படித்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஏம்மா, வீடு உனக்குன்னு எழுதியிருக்கு. சாட்சியும் நீயே போட்டிருக்கே. சாட்சி போட்டவங்களுக்குச் சொத்து சேராதும்மா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிள்ளானில் அப்பா வீட்டில் அவர் சொல்லச் சொல்ல நான் உயில் எழுதியபோது, பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியாகக் கைநாட்டு வைத்தார். எனக்குத்தான் எழுத்துத் தெரியுமே என்று அவருக்குக் கீழே பெருமையாகப் போட்ட கையெழுத்து அது.

"பரவால்ல. ஞாயித்துக்கிழமை நானே ரயில்ல கிள்ளானுக்கு வரேன். உங்கப்பா வாயால சொல்லட்டும், புதுசா எழுதிடலாம். சாட்சிக்கு வேற ரெண்டு பேரைக் கூப்பிட்டு வை."

சரி என்று வந்துவிட்டேன். வந்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

குமாஸ்தாவிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நானாக ஒருவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, ஒன்பது வருஷமாக, அப்பா என்னை மகள் என்று சொன்னதே இல்லை. படுக்கையில் விழுந்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார். உயில் எழுதிய அன்றும், "வீடு கனகத்துக்குன்னு எழுது" என்றார், அவ்வளவுதான். பெயருக்கு முன்னால் 'என் மகள்' என்று நானாகத்தான் சேர்த்தேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தா கட்டாயம் கேட்பார்: "கனகம் உங்களுக்கு என்ன வேணும்?"

வீடு யாருக்கோ போகட்டும். அந்தக் கேள்விக்கு அப்பா சொல்லப்போகும் பதிலை அடுப்படியில் நின்றாவது கேட்டுவிட வேண்டும்.