டீச்சர் வீட்டில் மட்டும் ஸ்டக் ஆகும் பெட்டி

ஜூன் 3, 2024, திங்கள்

நோட்டன் பிரிட்ஜ் ஊரில் இருக்கிற புனிதவதி டீச்சருக்குக் கொடுத்த கணினி இன்று மறுபடியும் ஸ்டக் ஆகிவிட்டது. கொடுத்து இரண்டு வாரம்கூட இல்லை, இது மூன்றாவது தடவை. திரை அப்படியே நின்றுவிடுகிறதாம், மவுஸ் அசையாதாம். பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தால்தான் விடுதலையாம். அடித்து வைத்த வினாத்தாள் பாதி போய்விட்டது என்று போனில் பொரிந்து தள்ளினார்.

வேறு யாராவது என்றால் கொண்டு வாருங்கள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். இது அப்படியில்லை. அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவர் சங்கம் எட்டுக் கணினி வாங்கப் போகிறது. கொழும்புக் கம்பனி ஒன்றும் விலை கொடுத்திருக்கிறது. நான் மாதிரிக்கு ஒன்றை டீச்சர் வீட்டில் வைத்திருக்கிறேன். ஒரு மாதம் பாவித்துப் பார்த்து அவர் சொல்வதை வைத்துத்தான் சங்கம் முடிவெடுக்கும். கூட்டம் 29ஆம் திகதி. டீச்சர் யாழ்ப்பாணத்து ஆள், முகத்துக்கு நேரே பேசுகிற வகை. நல்லது என்றால் நல்லது என்பார். மோசம் என்றால் ஊருக்கே கேட்கும்.

பெட்டியைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. கொழும்புக் கந்தோர்கள், ஆபீஸ்கள் கழித்துப் போடுகிறவற்றில் நானே பொறுக்கி எடுத்து வந்தது. இந்த லொட்டில் மொத்தமாக வந்த பன்னிரண்டும் ஒரே மாடல். ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்து, ஃபேனைத் தூக்கி, புரொசசருக்குச் சூட்டைக் கடத்துகிற புதுப் பேஸ்ட் பூசி, அதற்குப் பிறகுதான் விற்கிறேன். ஹட்டனில் வேறு எவன் இந்த வேலையைச் செய்கிறான்?

ஜூன் 5, புதன்

பஸ்ஸில் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தேன். மடியிலேயே வைத்திருந்ததில் கால் மரத்துவிட்டது. கடை மேசையில் கிடத்தி, பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தூசிகூட இல்லை. இரண்டு படத்தை ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். கடை மூடும்வரை ஓடியது.

ஜூன் 6

அணைக்காமல் விட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, திமிராக.

ஜூன் 8, சனி

அந்தப் பக்கம் இப்போது விடாத மழை. சுவரே வியர்க்கிற வீடு. ஈரத்தில் ரெம் என்கிற மெமரித் தகட்டின் பிடிப்பு விட்டுப் போயிருக்கும் என்று நேற்று முடிவு செய்தேன். கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, போதாததற்கு வேறொன்றையே மாட்டினேன். விண்டோஸும் புதிதாகப் போட்டேன். இன்று காலையிலேயே கொண்டுபோய் அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்டினேன். டீச்சர் தேத்தண்ணி தந்தார், கூடவே பிஸ்கட்டும். விஷயம் முடிந்தது.

ஜூன் 11, செவ்வாய்

முடியவில்லை.

‘தம்பி, திரும்பவும் நிண்டிட்டுது. காலமை நல்லா ஓடினது, பத்து மணிக்குப் பிறகு அவ்வளவுதான்.’

அப்படியென்றால் கரண்ட்தான். நாட்டுக்கே தண்ணீரில் கரண்ட் எடுத்து அனுப்புகிற ஊர், அங்குள்ள வீடுகளில் பல்பு கண் சிமிட்டுகிறது. யூபிஎஸ் ஒன்று போட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று சொன்னேன். சரி அனுப்புங்கோ என்றார். பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். மாதிரிப் பெட்டிக்கு யூபிஎஸ்ஸை இலவசமாகக் கொடுக்க முடியுமா? கடை விலைதான். அவரும் மறுபேச்சில்லாமல் காசை வங்கியில் போட்டுவிட்டார்.

ஜூன் 14, வெள்ளி

யூபிஎஸ் போட்டும் நின்றுவிட்டது. கரண்ட் கம்பியையே மாற்ற வேண்டியிருக்கும் டீச்சர் என்று நான் ஆரம்பித்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்.

‘இருபது வருசமா இந்த வீட்டில இருக்கிறன். இதே கரண்டில ஃபிரிட்ஜ் ஓடுது, ரீவி ஓடுது. உங்கட பெட்டிக்கு மட்டும்தான் கரண்ட் பிடிக்கேல்லையாம், என்ன?’

‘கடையில ரெண்டு நாள் ஓடுச்சுங்க டீச்சர், சத்தியமா.’

‘உங்கட கடையில ஓடுற கொம்பியூட்டர் எனக்கு என்னத்துக்குத் தம்பி? என்ர வீட்டில ஓடுறதெல்லோ வேணும்.’

நானே ஒரு வாடிக்கைக்காரனாக இருந்தால் இதைத்தான் கேட்டிருப்பேன்.

ஜூன் 15

பெட்டியா, வீடா? பெட்டி என்றால் ஏன் என் கையில் மட்டும் நல்ல பிள்ளை?

ஜூன் 17, திங்கள்

சங்கச் செயலாளர் அழகன் கடைக்கு வந்தான். ஹட்டனில் வங்கி வேலை, நோட்டன் பிரிட்ஜ்காரன். மேசையில் கை ஊன்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

‘அண்ணே, டீச்சர் மூஞ்சி சரியில்லண்ணே. கொழும்புக்காரன் தினம் போன் போடுறான். வெல கூடதான், ஆனா ஒரு வருச வாரண்டி. நீங்க ஆறு மாசந்தான சொல்லியிருக்கீங்க?’

‘ஆறு மாசத்துல அவன் ஒரு தடவ ஏறி வருவானாடா இங்க?’

‘வரமாட்டான். ஆனா அவன் பெட்டி நிக்காதுன்னு சொல்றானே.’

வீட்டில் மனைவி சர்மிளாவிடம் சொன்னேன். சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தது என் தப்பு. ‘நீங்கதான் பெட்டியத் தொட்டாலே சீக்கு சொல்லுற டாக்டராச்சே. போயி அந்த அம்மா வீட்டுலயே ஒரு நாள் குந்தியிருந்து பாருங்களேன்.’

நக்கலுக்குத்தான் சொன்னாள். ஆனால் நான் இதுவரை செய்யாததும் அதுதான். போவேன், கொடுப்பேன், தேத்தண்ணி குடிப்பேன், அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன். வெள்ளிக்கிழமை பௌர்ணமி, போயா விடுமுறை, கடை மூடல். போகிறேன்.

ஜூன் 21, வெள்ளி, பொசொன் போயா

கண்டுபிடித்துவிட்டேன். ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

வழியில் போயாவுக்குத் தானம் கொடுக்கிற தன்சல்காரர்கள் பஸ்ஸை மறித்து எல்லாருக்கும் கடலை தந்ததில் கொஞ்சம் தாமதம். டீச்சர் பெட்டியைப் போட்டு வினாத்தாள் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கதிரையைக் காட்டினார். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் நின்றுவிட்டது. முதன்முறையாக என் கண்ணால் பார்க்கிறேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே – வாயால் திட்டியிருக்கலாம்.

மேசையிலேயே பெட்டியைக் கிடத்தினேன், மூடியைக் கழற்றினேன், சுவிட்சைத் திரும்பப் போட்டேன். ஓடியது. பாட்டு, படம், அவர் வினாத்தாள், எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தேன். ஓடியது. அசைக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆள் வந்தால் நடிக்கிற பெட்டியா இது?

மத்தியானம் டீச்சர் சோறும் மீன் குழம்பும் கொண்டு வந்தார். வீட்டில் இருப்பதே அந்த ஒரு மேசைதான்.

‘உந்தப் பெட்டியை நிமித்தி வையுங்கோ தம்பி, சோத்துக் கோப்பை வைக்க இடமில்லை.’

ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அப்படியே நிமிர்த்திச் சுவர் ஓரமாக வைத்தேன். இரண்டாவது முறை சோறு வாங்குவதற்குள் பாட்டு நின்றுபோனது. மவுஸ் அசையவில்லை. கையைக் கழுவாமல் எழுந்தேன்.

கிடத்தினால் ஓடுகிறது. நிமிர்த்தினால் நிற்கிறது!

‘வருத்தக்காரன் மாதிரியெல்லோ, படுக்க விட்டாத்தான் சுகமாம்’ என்றார் டீச்சர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நிமிர்ந்தபடியே வைத்து போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தேன். புரொசசருக்கு மேலே சூட்டை இழுக்கிற அலுமினியக் கட்டியும் ஃபேனும் இருக்கிறதே, அதை போர்டில் பிடித்து வைப்பது நாலு பிளாஸ்டிக் ஊசிக்கால். மேலே இருந்த கால் ஒன்று பிளந்திருந்தது. பெட்டி படுத்திருந்தால் கட்டி தன் பாரத்திலேயே புரொசசரின் மேல் உட்கார்ந்துகொள்ளும். நிமிர்ந்தால் தலை விலகித் தொங்குகிறது, சூடு ஏறுகிறது, நின்றுவிடுகிறது. காலைக் குளிரில் தாக்குப் பிடிக்கும், பகல் ஏறினால் முடியாது.

கடையில் நான் ஒரு பெட்டியைக்கூட நிமிர்த்தி வைத்து ஓட்டியதில்லை. மூடியைத் திறக்க வசதி என்று எல்லாவற்றையும் படுக்கப் போட்டே பார்ப்பேன். என் மேசையில் அது ஒருநாளும் நிற்காது. எத்தனை நாள் ஓட்டினாலும் நிற்காது.

பிளந்த காலைக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். பஸ் நேரம்வரை நிமிர்ந்தே ஓடியது. புறப்படும்போது டீச்சர் கேட்டார்: ‘அப்ப இந்த யூபிஎஸ்?’

‘பாதுகாப்புக்கு இருக்கட்டுங்க டீச்சர்.’

அவர் யூபிஎஸ்ஸை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

ஜூன் 22, சனி

லொட்டில் மீதி ஏழு கடையில் இருக்கிறது. ஏழையும் தரையில் நிமிர்த்தி வைத்து ஓட்டினேன். மத்தியானத்துக்குள் மூன்று நின்றுவிட்டது.

பழைய பிளாஸ்டிக். பேஸ்ட் பூசுவதற்காக அந்தக் கால்களைத் திருகிக் கழற்றி மறுபடி அமுக்கியது யார்? நான். ஹட்டனில் வேறு எவனும் செய்யாத வேலை என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். தொடாமல் விட்டிருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்கும்.

விற்றுப்போனது நாலு.

ஜூன் 23, ஞாயிறு

சர்மிளாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். கணினி வாங்கிய நாலு பேருக்கும் போன் போட்டுக் கூப்பிடப் போகிறேன், டீச்சருக்கும் உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

‘ஏங்க, நம்ம சாமான் சரியில்லன்னு நம்மளே தப்படிச்சுச் சொல்லணுமா? அந்தம்மாதுதான் சரியாயிருச்சுல்ல. வாய மூடிக்கிட்டு இருங்க, 29 முடியட்டும்.’

‘முடிஞ்சு?’

‘முடிஞ்சு ஆர்டர் நமக்கு.’

அங்கேதான் அவள் கணக்குப் பிழை. ஆர்டர் கிடைத்தால் எட்டுப் பெட்டியும் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். பிறகு ஒருநாள் ஒன்று ஸ்டக் ஆகும். முந்நூறு பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லும். அப்புறம் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் நான் சார்ஜர் ஒயர்கூட விற்க முடியாது. எட்டையும் நான் சரி செய்து கொடுப்பேன், அது வேறு. ஆனால் டீச்சர் விவரமானவர். கோப்பைக்கு இடம் கேட்டதே அவர்தான். கட்டிய கம்பியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கரண்டில் பிழை இல்லை என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் யூபிஎஸ்ஸைப் பற்றி நான் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். கூட்டத்தில் எழுந்து அதை அவர் சொன்னால்? நான் சொல்லாமல் அவர் சொன்னால் நான் கள்ளன். நான் முதலில் சொன்னால் வேலை தெரிந்தவன்.

இதில் பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. வியாபாரம்.

ஆனாலும் போனை எடுக்க இன்று மனம் வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

கடை திறந்ததும் முதல் வேலையாக டீச்சருக்கு எடுத்தேன். உங்கள் வீட்டுக் கரண்ட் நல்ல கரண்ட், கால் உடைந்தது என் கையால், யூபிஎஸ்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுக் காசையும் தருகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

‘இதை நான் சங்கத்தில சொல்லுவன் தம்பி. மறைக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ.’

‘கேக்க மாட்டேங்க. சொல்லுங்க.’

‘ம்’ என்று வைத்துவிட்டார். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம்?

ஜூன் 26, புதன்

சின்ன போல்ட்டும் நட்டும், அடியில் ஃபைபர் வாஷரும். பிளாஸ்டிக் காலுக்குப் பதிலாக இப்படி முடுக்கினால் கட்டி அசைவதில்லை. கடையில் இருந்த ஏழுக்கும் போட்டாயிற்று. டீச்சர் வீட்டுக்கும் போய்க் கம்பியை அவிழ்த்துவிட்டுப் போட்டேன். யூபிஎஸ் காசையும் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார். அதுதான் சரி.

விற்ற நாலில், தலவாக்கலை மருந்துக்கடைக்காரர் சொன்னார்: ‘ஆமா தம்பி, அப்பப்ப நிக்கும். அணைச்சு அணைச்சுப் போடுறோம். எல்லாக் கம்பியூட்டரும் அப்படித்தான்னு நெனச்சேன்.’ எனக்குச் சுருக்கென்றது. கினிகத்தேனை ஸ்டூடியோக்காரர் சிரித்தார். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். பெட்டியைப் படுக்கப் போட்டு அதன் மேல் மொனிட்டரை வைத்திருக்கிறார். அவருக்கும் மற்ற மூவருக்கும் மாற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 29, சனி

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். இருபது பேர் இருக்கும். அழகன் கொழும்புக் கம்பனியின் கடிதத்தை வாசித்தான், என்னுடையதையும் வாசித்தான். அப்புறம் டீச்சர் எழுந்தார். நான் கதிரை நுனியில்.

‘இவற்ர பெட்டி என்ர வீட்டில ஏழு முறை நிண்டது. நாலு வேலையைச் செய்து பாத்தார், ஒண்டும் சரிவரேல்லை. என்ர கரண்டைக் குற்றம் சொல்லி யூபிஎஸ்ஸும் வித்தவர். பிறகு ஒரு நாள் முழுக்க என்ர வீட்டில இருந்து, என்ர சோத்தையும் சாப்பிட்டிட்டு, பிழையைப் பிடிச்சவர். தன்ர பிழையெண்டு தானே போன் எடுத்துச் சொன்னவர். காசும் வந்திட்டுது. இப்ப மூண்டு நாளா நிமிந்து ஓடுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.’

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

பின் வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள், ‘அப்ப யார்ட்ட வாங்கலாம்னு சொல்றீங்க டீச்சர்?’

‘கொழும்புக்காரரும் ஒரு பெட்டி கொண்டுவந்து என்ர மேசையில ஒரு மாசம் வைக்கட்டும், பிறகு சொல்லுறன்.’

அழகன் அங்கேயே கம்பனிக்குப் போன் போட்டான், ஒலிபெருக்கியில். அவர்கள் மாதிரி கொடுப்பதில்லையாம். எட்டுக்கும் ஆர்டர் போட்டால் கொழும்பிலிருந்து லொறி வருமாம்.

அதற்குப் பிறகு பேரம். என்னிடம் பெட்டி ஒன்றுக்கு நாற்பத்திரண்டாயிரம் ரூபாயில் ஆரம்பித்தது. நான் விலை சொல்லும்போதெல்லாம் டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போதும், ஆயிரம் ஆயிரமாக இறங்கினேன்.

முடிவு: எட்டுப் பெட்டி, மொனிட்டரோடு ஒன்று முப்பத்தொன்பதாயிரம். வாரண்டி ஒரு வருடம். ஏற்றி இறக்குவது என் செலவு. எட்டும் பள்ளிக்கூட மேசையில் நிமிர்ந்தபடி இரண்டு வாரம் ஓட வேண்டும், டீச்சர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காசு.