போர்டில் காலியாக ஒரு வரி

லப்பைக்குடிக்காடு
20.2.2003

அன்புள்ள மச்சானுக்கு மர்ஜியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே மாமா, மாமி, உங்கள் தங்கச்சி இஃப்பத் எல்லோரும் அல்லாஹ் உதவியால் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் 'சுகம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். அதனால் கேட்கவில்லை. ஷார்ஜாவில் என்ன சமைக்கிறீர்கள், ஏ.சி. தூக்கித் தூக்கி வந்த முதுகுவலி என்ன ஆயிற்று, அதை எழுதவும்.

ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடியாக முடிந்தது. மாமா சர்க்கரையை மறந்துவிட்டு இரண்டு தரம் ஃபிர்னி வாங்கிச் சாப்பிட்டார். மாமி பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். நீங்கள் போன வருடம் உட்கார்ந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லி வைக்கவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது.

பெரம்பலூரில் சிந்தாமணி அக்கா கடையில் வேலை நன்றாகப் போகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் வரை டைப்தான். கல்யாணப் பத்திரிகை, வீட்டுப் பத்திரம், காலேஜ் பிள்ளைகளின் பிராஜெக்ட், கருமாதிக் கடிதம். மதியம் அக்கா சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரம் மட்டும் என்னுடையது. அந்த நேரத்தில்தான் வெப்சைட் செய்யப் படிக்கிறேன். சொல்லித்தர யாரும் இல்லை. இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அதற்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லலாம், காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். எல்லாம் கொக்கிக்குள் கொக்கி. திறந்த கொக்கியை மூடாவிட்டால் பக்கமே இழுத்துக்கொண்டு போய்விடும்.

பஸ்ஸிலும் எழுதுகிறேன். வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு மதியம் டைப் அடித்துப் பார்ப்பேன். நேற்று பக்கத்து சீட்டுப் பூக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, என்னா பாப்பா, தாயத்துக்கா எழுதுற, யாருக்குக் கட்டப் போறேன்னு கேட்டது. ஷார்ஜாவில் ஒருத்தருக்கு என்றேன். ரொம்ப நல்லா எழுதுன்னு சொல்லி ஒரு முழம் மல்லி கொடுத்தது.

காலேஜை நான்தான் விட்டேன், உங்கள் வீட்டில் யாரும் விடச் சொல்லவில்லை. அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே கம்ப்யூட்டர் ரூம் என்றால் செருப்பை வெளியே விட்டு, கையைக் கட்டிக்கொண்டு, உறை போட்ட மிஷினைச் சுற்றி நிற்க வேண்டும். சார் தொடுவார், நாங்கள் பார்ப்போம். எனக்குத் தூக்கம் வந்தது. இங்கே செருப்புக் காலோடு உட்கார்ந்து நானே தொடுகிறேன். தூக்கம் வருவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊருக்கு ஒரு வெப்சைட் செய்துவிட்டேன். பள்ளிவாசல், வெள்ளாறு, பஸ் ஸ்டாப் டீக்கடை, நம் தெரு, எல்லாப் போட்டோவும் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன். அங்கே உள்ள கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து இருக்காது என்று தெரியும். அதனால் தமிழில் எழுதியதையும் படமாகவே மாற்றிப் போட்டேன். அக்கா பார்த்துவிட்டு, எலேய் மர்ஜியா, நெசமா நீதான் பண்ணுனியான்னு இரண்டு தரம் கேட்டார்.

லீவு முடிந்து திரும்பும் உங்கள் ரூம் ஆசிக் அண்ணனிடம் இந்தக் கடிதத்தையும் ஊறுகாயையும் கொடுத்துவிடுகிறேன். வெப்சைட்டின் அட்ரஸைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ரூமில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். எல்லோரும் பார்க்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மர்ஜியா


லப்பைக்குடிக்காடு
25.3.2003

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் வந்தது. அது கடிதம் இல்லை, தந்தி. ரூம் ஆட்கள் அத்தனை பேரும் உங்களைச் சுற்றி நின்றதும், திரை முழுக்க வெள்ளைப் பெட்டியாக வந்ததும், ஒவ்வொரு பெட்டி ஓரத்திலும் சிவப்பாகப் பெருக்கல் குறி இருந்ததும் படித்தேன். ஊரைக் காட்டுறேன்னு கூட்டியாந்துட்டு சன்னலைக் காட்டுற, அதுவும் சாத்துன சன்னலுன்னு ஆசிக் அண்ணன் சொன்னாராம். என் ஊறுகாயைச் சுமந்துகொண்டு போனவர் அவர். சொல்லட்டும்.

கடைசியில், போதும் மர்ஜியா, மாதக் கடைசியோடு வேலையை விட்டுவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே மாமாவுக்கும் போனில் சொல்லிவிட்டீர்கள். மாமா என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே, அவன் வேணாங்கறான், நான் என்னம்மா சொல்றது, அவன் வாயால சரின்னா எனக்கும் சரி என்றார். மாமி அடுப்படியிலிருந்து, புருசன் சொன்னா கேட்டுக்க புள்ள என்றார். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாக, அந்தப் பொட்டில எம் மவன் ஹஸ்ஸான் மூஞ்சி தெரியுமா, அதை மட்டும் ஒரு தடவ கேட்டுச் சொல்லுன்னார்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை. கடையில் திறந்து பார்த்தேன், எல்லாப் படமும் இருந்தது. உங்கள் பிரவுசிங் சென்டர்தான் சரியில்லை என்று உங்கள் மேல் கோபப்பட்டேன். மறுநாள் அக்கா கடைப் பிரிண்டரைச் சர்வீசுக்குக் கொடுக்க அரியலூர் அனுப்பினார். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. இறங்கும்போது என் கறுப்பு புர்கா சாம்பல் நிறமாகிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. உள்ளே போய் நம் ஊரைத் திறந்தேன்.

வெள்ளைப் பெட்டி, சிவப்புக் குறி, வேறு ஒன்றும் இல்லை. நீங்கள் பார்த்ததும் இதைத்தான்.

அங்கே கவுண்ட்டரில் ஏஞ்சல் மேரி என்று ஒரு பெண், வரதராஜன்பேட்டைக்காரி, என் வயதுதான் இருக்கும். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, என்னாங்க உங்க ஊர்ல எல்லாரும் பொட்டி கட்டிக்கிட்டுப் போயிட்டாங்களா என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உண்மையைத்தானே சொன்னாள், நம் ஊர் ஆம்பளைகள் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டு போனவர்கள்தானே. அங்கேயே உட்கார்ந்து பக்கத்துக்குப் பின்னால் நான் எழுதியதைப் படித்தேன். பிடிபட்டது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உங்கள் சட்டை எங்கே என்று கேட்கிறீர்கள். நம் ரூம் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஷார்ஜாவுக்கு எழுதுகிறேன். நீங்கள் எந்த பீரோவைத் திறப்பீர்கள்? அதைத்தான் செய்து வைத்திருக்கிறேன். படங்கள் எல்லாம் அக்கா கடைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. பக்கத்தை மட்டும் இன்டர்நெட்டுக்கு ஏற்றிவிட்டு, படம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று கடை பீரோவின் விலாசத்தை எழுதிவிட்டேன். உங்கள் கம்ப்யூட்டர் தன் பீரோவைத் திறந்து பார்த்து, இல்லையே என்று சிவப்புக் குறி போட்டது. கடையில் மட்டும் தெரிந்ததற்குக் காரணம், பீரோ அங்கேயேதான் இருக்கிறது. தப்பு என்னுடையது. அது உங்கள் நண்பர்கள் முன்னால் நடந்தது எனக்கு ரொம்ப வருத்தம்.

ஆனால் வேலையை விடமாட்டேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

ஏ.சி. வேலையை நீங்கள் எங்கே படித்தீர்கள்? கல்யாணமான புதிதில் நீங்களே சொன்னீர்கள். ஆகாத மிஷினைக் கழற்றிக் கழற்றிப் பார்த்துத்தான். நீங்கள் முதன்முதலாக மாட்டிய ஏ.சி. அரபி வீட்டு சோபா மேல் தண்ணீர் கொட்டியது, அந்த அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு உங்களைத் துரத்தினார் என்று நடித்தே காட்டினீர்கள். அன்று ரூமில் யாரும் சிரிக்கவில்லையா? மறுநாள் நீங்கள் வேலைக்குப் போகாமல் இருந்தீர்களா? நானும் மூடியைக் கழற்றித்தான் படிக்கிறேன். எனக்கும் ஒரு சோபா நனைந்துவிட்டது. அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அக்கா கடைக்குப் புது போர்டு எழுதுகிறார்கள். ஜெராக்ஸ், டி.டி.பி., எஸ்.டி.டி. என்று மூன்று வரி. நாலாவதாக 'வெப்சைட் செய்து தரப்படும்' என்று எழுதட்டுமா என்று அக்கா கேட்டார். உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். பெயிண்டரைக் கூப்பிட்டு, கீழ ஒரு வரி காலியா வுட்டு வைப்பா, இந்தப் புள்ள மாப்பிள்ளை கிட்டேருந்து சரின்னு தாக்கல் வரணும் என்றார். அந்த போர்டைத்தான் தினமும் வாசலில் பார்த்துக்கொண்டு உள்ளே போகிறேன்.

என் அடுத்த கடிதம் வரும்வரை மாமாவிடம் எதுவும் முடிவாகச் சொல்ல வேண்டாம். இது ஒன்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மர்ஜியா

பின்குறிப்பு: முதுகுவலி பற்றி இந்தக் கடிதத்திலும் நீங்கள் எழுதவில்லை.


லப்பைக்குடிக்காடு
12.4.2003

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சரியாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

படங்கள் எல்லாவற்றையும் இன்டர்நெட்டுக்கு ஏற்றினேன். ஒன்று ஏறுவதற்குள் போன் லைன் அறுந்துவிடும், மறுபடி முதலில் இருந்து. கடையில் எஸ்.டி.டி. பேச வந்தவர்கள் லைன் கிடைக்காமல் என்னைத் திட்டினார்கள். அக்கா அவர்களைத் திட்டினார். விலாசத்தையும் ஒவ்வொன்றாக மாற்றி எழுதினேன். ஆனால் கடைக் கம்ப்யூட்டரில் பார்த்து நான் இனிமேல் ஏமாறுவதாக இல்லை. ரிப்பேரான பிரிண்டரைத் திரும்ப வாங்கி வரும் சாக்கில் அரியலூருக்கே போனேன்.

ஏஞ்சல் மேரி என்னைப் பார்த்ததும், வாங்க வாங்க, பொட்டி ஊருக்காரவுங்க வந்துட்டாங்க என்றாள். நீயே திற என்று சொல்லி நான் பின்னால் நின்றேன். அங்கே லைன் ரொம்ப மெதுவு. முதலில் வெறும் வெள்ளை. பிறகு உச்சியில் பிறை மட்டும் வந்தது. அதற்குக் கீழே மினாரா கொஞ்சம் கொஞ்சமாக, மேலிருந்து யாரோ இறக்கிவிடுவது போல இறங்கி வந்தது. பள்ளிவாசல் வாசலும், செருப்புகளும், ஓரத்தில் தெரியாமல் படத்தில் விழுந்துவிட்ட ஆடும் வந்தன. ஏஞ்சல் மேரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். வெள்ளாறு வந்ததும், இது உங்க ஊரா, எங்க மாதா கோயில் திருவிழாவையும் இப்புடிப் போட முடியுமா, ஃபாதர்கிட்ட கேட்டுச் சொல்றேன்னாள். கேளு என்றேன். மாப்பிள்ளையிடமிருந்து தாக்கல் வரட்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

வீட்டில் மாமியிடம் இதை எல்லாம் சொன்னேன். மினாரா இறங்கி வந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். கடைசியில், அப்ப ஹஸ்ஸான் பாத்தா வூட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்லன்னார். மாமா பேப்பர் படிப்பது போலவே இருந்தார், ஆனால் வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. அவர் குவைத்தில் இருந்த காலத்தில் நம் வீட்டு வாசல் நிலை வைத்ததை ஒரு போட்டோவில்தான் பார்த்தாராம். அதை முதல்முறையாக என்னிடம் சொன்னார். அவன் சொல்லட்டும் என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

அதனால் இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. வேண்டாம் என்று மறுபடி சொன்னால் எனக்கு அழத் தெரியாது, சண்டைதான் போடுவேன், அது உங்களுக்குத் தெரியும். ஆனால் சண்டை போட்டு ஜெயித்து அந்த வரியை எழுத எனக்கு இஷ்டம் இல்லை. நீங்கள் பார்த்து, உங்களுக்கே தோன்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை போனில் மாமாவிடம் ஒரே ஒரு 'சரி' சொல்லுங்கள் போதும். பெயிண்டர் பெரம்பலூரில்தான் இருக்கிறார்.

இந்த முறை பிரவுசிங் சென்டருக்கு முதலில் தனியாகப் போங்கள். போன தடவை எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது நான்தான், தனியாகப் போகச் சொல்வதும் நான்தான். ஊரைப் பார்த்து முடித்துவிட்டு அப்புறம் ஆசிக் அண்ணனைக் கூப்பிடுங்கள். சன்னலைத் திறந்தாயிற்று என்று சொல்லுங்கள்.

தனியாகப் போகச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. நான் புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன். ஒரு பக்கத்தைச் செய்து ஏற்றிவிட்டு, வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு வழி வைக்காமல் விட்டுவிடலாம். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அது படாது. அதன் பெயரை யார் சரியாக அடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் திறக்கும். அப்படி ஒரு பக்கம் உங்களுக்காக வைத்திருக்கிறேன். ஊர் அட்ரஸின் கடைசியில் ஒரு சாய்ந்த கோடு போட்டு, அதற்குப் பின்னால் பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும், பிறகு ஒரு புள்ளி, அப்புறம் htm. பெயர் என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். ரூமில் கடிதங்களை எல்லோரும் வாங்கிப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் பக்கத்தில் இல்லாதபோது என்னை நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்? அதுதான். மறந்திருந்தால் திறக்காது.

அதில் என் போட்டோ இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உலகம் பாக்குற எடத்துல மூஞ்சியப் போடாதன்னு மாமி சொல்லியிருக்கிறார், எனக்கும் இஷ்டம் இல்லை. இஃப்பத் மருதாணி வைத்துவிட்டாள். மறுநாள் கடையில் இரண்டு கையையும் ஸ்கேனர் கண்ணாடி மேல் வைத்தேன். பட்டனை அமுக்கக் கை இல்லை. அக்காதான் அமுக்கினார். என்னாடி இது, கம்ப்யூட்டர் சோசியம் பாக்குறியா என்று கடை முழுக்கச் சிரிப்பு. அடியில் வெளிச்சம் ஓடும்போது உள்ளங்கை லேசாகச் சுட்டது. திரையில் வந்த பிறகுதான் பார்த்தேன், இரண்டு கையையும் ஏந்தித் துஆ கேட்கிற மாதிரியே இருந்தது. என்ன கேட்கிறேன் என்று அங்கே எழுதவில்லை. பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

மாமிக்கு உங்கள் போட்டோ ஒன்றை அனுப்புங்கள். அந்தப் பொட்டில உங்கள் மூஞ்சி தெரியும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் முதுகுக்கும் கைக்கும் அல்லாஹ் பலம் கொடுக்கட்டும். உயரத்தில் ஏறி வேலை செய்யும்போது கவனம்.

என் கையைத்தான் அனுப்ப முடிந்தது. முகத்தைப் பார்க்க வேண்டுமானால் டிக்கெட் போட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
(நீங்கள் அடிக்க வேண்டிய பெயர்)