கீழ்வீட்டம்மா தட்டிய சத்தம்

உ

அன்னூர்
25.10.1996

என் செல்லக் கண்ணு பிரவீனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கப்பாவும் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே துருக்கியில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சாமியும் நல்லபடியாக இருக்கவேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் மன்னீசுவரனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, அறுத்துப் போட்ட சோளத்தட்டெல்லாம் நனைந்து கறுத்துவிட்டது. செவலை மாடு போன மாதமே கன்று போட்டுவிட்டது, கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தறிக்கொட்டாயில் கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் உங்கப்பா எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார், முக்கால்வாசி என் மேல். தீபாவளிக்கு உனக்கு எடுத்த சேலையை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை, பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அத்தனை பேசியும் நான் உம், உம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேனே, காசு ஏறுதென்று கணக்குப் பார்த்தேன் என்று நினைத்துவிடாதே. நீ சொன்னதைக் கேட்டு எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏன் என்று சொல்லவும் முடியவில்லை, பக்கத்திலேயே உங்கப்பா காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அதனால்தான் எழுதுகிறேன். இதை உட்கார்ந்து நிதானமாகப் படி. நடுவில் பயந்துகொண்டு மடித்து வைத்துவிடாதே, முழுசாகப் படித்தால்தான் உன் பயம் போகும்.

போன மாதம் நீ ஒரு பலகாரம் எழுதி அனுப்பியிருந்தாயே, உங்கள் கீழ்வீட்டம்மா நஸ்மியே உனக்குச் சொல்லிக் கொடுத்தது, கொஸ்லெமேயோ என்னவோ. அந்தப் பேர் எங்கள் வாயில் நுழையாமல் உங்கப்பா அதற்குத் துருக்கிப் போளி என்று பேர் வைத்துவிட்டார். அந்த ஊரில் எல்லோரும் அதற்குள் கறியைக் கொத்தி வைப்பார்கள், ஆனால் நீ சின்னதிலிருந்தே கவுச்சி தொடாதவள் என்று தெரிந்து உனக்காகக் கீரையும் பாலாடைக்கட்டியும் மட்டும் வைத்து, உனக்கென்று தனியாக ஒரு தோசைக்கல்லே வாங்கி வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்றே நான் அழுதுவிட்டேன். பெற்ற நான் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, யாரோ ஒருத்தி, பாஷை தெரியாதவள், என் பிள்ளைக்கென்று ஒரு கல்லைத் தனியாகக் கழுவி வைத்திருக்கிறாளே என்று. நாமும் அவள் செய்ததைச் செய்து பார்ப்போம் என்று அப்போதே முடிவு செய்தேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அன்றுதான் செய்தேன், வீட்டில் கவுச்சி இல்லாத நாள் என்பதால். கோதுமை மாவும் மைதாவும் பாதிப் பாதி, உப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்தேன். அந்தப் பாலாடைக்கட்டிக்கு எங்கே போவது, செவலை மாட்டுப் பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டு உப்புப் போட்டுப் பிசைந்துகொண்டேன். சிறுகீரையும் வெங்காயமும் பொடிப்பொடியாக நறுக்கி, கொஞ்சம் மிளகாய்ப்பொடி. பூரிக்கட்டையில் தேய்த்தால் நீ சொன்ன மாதிரி வேட்டித்துணி கணக்காய் மெலிசாக வரவில்லை, தறிக்கொட்டாயிலிருந்து வழுவழுப்பான கம்பு ஒன்றைக் கொண்டுவந்து கழுவித் தேய்த்தேன், வந்தது. நீ நாலு பக்கமும் உள்ளே மடித்துச் சதுரமாகச் செய்யச் சொல்லி எழுதியிருந்தாய். எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் என் கை மடிக்கவில்லை கண்ணு. பாதியாக மடித்து, சோமாசி மாதிரி ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிக்கொண்டு போய், கடைசியில் மூலையில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தியது. அடுத்ததையாவது சதுரமாக மடிக்கலாம் என்று எடுத்தால் அதுவும் அப்படியேதான் போனது. வயதாகிறது, சொன்ன பேச்சைக் கை கேட்கவில்லை என்று சிரித்துக்கொண்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

எண்ணெய் இல்லாத கல்லில் முதல் போளியைச் சுட்டு எடுத்து வெண்ணெய் தடவித் தட்டில் வைத்தேன். அப்போது மணி இரண்டரை இருக்கும், உங்கப்பா தறிக்கொட்டாயிலிருந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். டொக், டொக் என்று ஒரு சத்தம். பின்வாசலில் யாரோ என்று நினைத்து வாரேனுங்க என்று சொல்லிக்கொண்டே போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை, நாய் மட்டும் வேலியோரம் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, குரைக்கவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. திரும்பி வந்தால் மறுபடியும் சத்தம், கதவிலிருந்து இல்லை, சமையல்கட்டுத் தரைக்கு அடியிலிருந்து, என் உள்ளங்காலில் படுகிற மாதிரி. நம் வீட்டுத் தரைக்கு அடியில் மண்ணைத் தவிர என்ன இருக்கிறது. உங்கப்பாவுக்கும் கேட்டது, தண்ணீர்ச் சொம்பை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். அப்புறம், பெருச்சாளி பொந்து போட்டிருக்கும் புள்ள, மருந்து வைக்கோணும் என்றார். எனக்கு அந்த நிமிஷத்தில் அப்படி ஒரு பசி, நாலு நாள் சோறு காணாதவள் மாதிரி. காக்காய்க்கு வைக்காமல், உங்கப்பா இலையில் ஒன்றும் போடாமல், அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அந்த முதல் போளியைப் பிய்த்துப் பிய்த்து முழுசையும் தின்று முடித்தேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் உங்கப்பா சாப்பிடாமல் நான் ஒரு வாய் வைத்ததில்லை, உனக்கே தெரியும். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் போடாத ஏதோ ஒரு தழையின் வாசம் அதில் அடித்தது, பிள்ளை பெற்றவளுக்கு மருந்தில் போடுவோமே சதகுப்பை, அந்த மாதிரி. தின்று முடித்ததும் சத்தம் நின்றுவிட்டது. உங்கப்பா மறுநாளே ஆள் விட்டுச் சாக்கடையோரம் முழுக்கத் தோண்டிப் பார்த்துவிட்டார், பெருச்சாளியும் இல்லை, பொந்தும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை போன் செய்து கீழ்வீட்டம்மா தவறிவிட்டாள் என்று மட்டும் சொன்னார். என்றைக்கு என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி இழவு வீட்டுக்குப் போகக் கூடாதுங்க, அவளைக் கீழே இறங்க விடாதீங்க என்றேன். அதை இப்போதும் சொல்வேன், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் நீ முழுக்கதையையும் சொன்னாய். அவள் தினமும் உச்சிப்பொழுதில் ரொட்டி சுட்டதும் தேய்க்கிற கம்பால் தன் தலைக்கு மேலே தளத்தைத் தட்டுவாள், அது உன் தரைக்கு அடியில் கேட்கும், நீ இறங்கிப் போய்ச் சாப்பிடுவாய் என்றாய். இதை நீ அதற்கு முன் எனக்கு எழுதியதே இல்லை. அந்தச் சனிக்கிழமையும் தட்டினாள், உனக்கு மசக்கையில் குமட்டிக்கொண்டு வந்ததால் போகாமல் படுத்துவிட்டாய், சாயங்காலம் அவள் மகன் வந்து பார்த்தபோது அடுப்படியிலேயே சாய்ந்து கிடந்தாள், பக்கத்தில் உனக்கென்று சுட்டு வைத்த ஒன்று, மற்றவர்களுக்குச் சதுரமாக மடிப்பவள் உனக்கு மட்டும் மடிக்கிற மாதிரி பாதியாக மடித்து ஓரம் கிள்ளி, மூலையில் அவள் எப்போதும் வைக்கும் கட்டைவிரல் அடையாளத்தோடு, என்றாய். அங்கே உச்சிப்பொழுது என்றால் இங்கே இரண்டரை மணி. எனக்குப் பேச்சு ஏன் நின்றுபோனது என்று இப்போது புரிகிறதா.

வீட்டைப் பூட்டிவிட்டு மகன் போய்விட்டான், ஆனாலும் உச்சியில் தட்டும் சத்தம் கேட்கிறது, மாப்பிள்ளை வெந்நீர்க் குழாய் என்கிறார், நான் மத்தியானம் சாப்பிடுவதே இல்லை, அந்த நேரம் வந்தால் மொட்டை மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு குளிரில் நிற்கிறேன், கூப்பிட்டவளுக்குப் போகவில்லை என்று கோபத்தில் வருகிறாளா, என் பிள்ளையைக் கேட்கிறாளா என்று அழுதாய். ஐந்து மாத வயிற்றோடு பட்டினி கிடந்தால் என்ன ஆகும். ஏற்கெனவே ரத்தம் பட்டது, விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கீழ்வீட்டம்மாவைவிட உன் பட்டினிதான் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை விடிந்ததும் கருப்பராயன் கோயில் பூசாரியிடம் கயிறு மந்திரித்து வாங்கி உனக்கு அனுப்பலாம் என்று புறப்பட்டேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. கயிறு கட்டுவது யாரை விரட்ட. என் பிள்ளைக்குத் தனிக்கல் வைத்தவளையா. எனக்கு அந்த மனசு வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம்தான் பாத்திமுத்து நினைவுக்கு வந்தாள், நம் தறித்துணியை வாங்கிப் போகிற கோட்டைமேடு ரசாக் பாய் சம்சாரம், உன் கல்யாணத்துக்கு வந்து மருதாணி வைத்துவிட்டாளே அவள்தான். பஸ் ஏறிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. எங்காளுங்க மௌத்தாப் போனவங்க பேருல பசிச்சவங்களுக்கு எதாவது கொடுத்து துஆ கேப்போமுங்க அக்கா, அவங்க கையால செஞ்ச பலகாரத்தையே செஞ்சு கொண்டாங்க, நான் ஓதித் தாரேனுங்க என்றாள். நாங்கள் செய்ததை வைத்து ஓதலாமா என்று தயங்கினேன். அந்தம்மா அதெல்லாம் பார்த்தா உங்க புள்ளைக்குப் போட்டாங்க என்று ஒரு அதட்டுப் போட்டாள். நேற்று ஒரு கூடை நிறையச் சுட்டுக் கொண்டுபோனேன், எல்லாமே அரைவட்டம்தான், என் கை இப்போது வேறு மாதிரி மடிப்பதே இல்லை. பாத்திமுத்து ஓதினாள், தெருப்பிள்ளைகளெல்லாம் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நஸ்மியே என்ற பேரை அந்தத் தெருவில் அவள் சத்தமாகச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, கூடப்பிறந்தவள் பேரைக் கேட்ட மாதிரி.

இப்போது அம்மா சொல்வதைக் கேள். அன்றைக்கு அவள் கூப்பிட்டாள், நீ போகவில்லை என்றுதானே உன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கூப்பிட்டது வீணாகப் போகவில்லை கண்ணு. உனக்கு முடியவில்லை, உன் அம்மா போனேன். வாரேனுங்க என்று வாய் திறந்து பதில் சொன்னேன், உட்கார்ந்து அவள் மடித்த மாதிரி மடித்ததைச் சாப்பிட்டேன், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அவளுக்குக் கோபம் இருக்க ஒரு காரணமும் இல்லை. முகம் தெரியாத குரல் கூப்பிட்டால் ஏன் என்று கேட்காதே என்று உன்னைச் சின்னதில் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான்தான். இவள் முகம் தெரியாதவளா. இனிமேல் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தாதே. நம் பாஷையிலேயே வாரேனுங்க என்று சொல்லு, அவளுக்குப் புரியும். கல்லைப் போடு, முதல் போளியை அவள் பேரைச் சொல்லி யாருக்காவது கொடு, இரண்டாவதை நீ சூடாகச் சாப்பிடு. அவள் உன்னையோ பிள்ளையையோ கேட்டு வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் வருகிறாள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், நீ வர முடியாவிட்டால் தாய் வீடு அங்கே வரும், உங்கப்பா பழைய சோறு தின்றாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். ஈரத்தரையில் பார்த்து நட. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உள்ளே வைக்கும் கீரையோடு கீழ்வீட்டம்மா வேறு ஏதாவது தழை போடுவாளா என்று மறக்காமல் எழுது. பதினாறும் பெற்று நீயும் உன் வயிற்றுச் சாமியும் நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும்.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
மயிலாத்தாள்

கவரை ஒட்டப் போகும்போது இதை ஓரத்தில் எழுதுகிறேன். இன்றைக்கு நான் மாவே பிசையவில்லை, அடுப்பும் அணைந்துதான் கிடக்கிறது. மணி இரண்டரை. தரைக்கு அடியில் தட்டுகிறாள், முன்னைவிடப் பலமாக. நீ இன்றைக்கும் சாப்பிடவில்லை என்று என்னிடம் சொல்கிறாள், வேறென்ன. நான் பதில் சொல்லிவிட்டேன். நீ இதை எந்த நேரத்தில் படித்தாலும் சரி, கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ச் சாப்பிடு கண்ணு.