உங்க ஊர்க் கடலைப் பார்த்துவிட்டேன், கோமதி

என் கோமுவுக்கு,

கடைசியில் உங்க ஊருக்குப் போய்விட்டு வந்துவிட்டேன்டி. காலேஜில் நீ கூப்பிட்டபோதெல்லாம் "அடுத்த லீவுக்கு" என்று தள்ளிப்போட்டவள், நீ இல்லாத ஊரில் போய் இறங்கினேன். சனா இப்போதுதான் தூங்கினாள். உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வருமா?

சனா என் மகள். நீ பார்க்காதவள். அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது எனக்கு நிறைமாதம். வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், உன் முகத்தைக்கூடப் பார்க்க வரவில்லை. இப்போது அவளுக்கு ஒன்றரை வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் அம்மா முன்னால் எப்படிப் போய் நிற்பது? பெண்ணைப் பறிகொடுத்தவரிடம் என் பெண்ணைக் கொண்டுபோய்க் காட்டுவது ஆறுதலா, கொடுமையா? எடப்பாடியில் பஸ் மாறும்போதுகூடத் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்.

பையைப் பார்த்திருந்தால் நீ சிரித்தே செத்திருப்பாய். (சொல்லிவிட்டேன் பார். உன்னிடம் எதைச் சொல்லக் கூடாது என்று இன்னும் பழகவில்லை.) கொதிக்கவைத்த தண்ணீர், காய்ச்சல் மருந்து, கொசு மருந்து, இரண்டு தொப்பி, அவளுக்கென்று தனித் தட்டு.

உன் அம்மா பூலாம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். "வா சாமி, வெயில்ல வந்துட்டியே" என்று என் கன்னத்தைத் தடவினார். சனாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் கை நீட்டவில்லை. என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நீ போனபோது நான் வராத கோபம் போல என்று நினைத்தேன்.

"ஊட்டுக்கு அப்பறம் போலாம். மொதல்ல உன்னையக் கடலுக்குக் கூட்டிட்டுப் போவோணும்னு கோமதி சொல்லிட்டே இருப்பா" என்று நேராகப் படகுத்துறைக்கு அழைத்துப் போனார். "எங்க ஊருல கடலே இருக்குதுடி" என்று நீ அளந்தபோது எப்படிக் கேலி செய்தோம்! தப்புதான் கோமு. கதவணையில் தேங்கிய காவிரி கண்ணுக்கு எட்டியவரை அகலமாகக் கிடக்கிறது. அக்கரையில் மலை, தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு மலை. கரையில் மீன் வறுக்கும் வாசனை. பைக், பால் கேன், வாழைத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விசைப்படகு சேலம் ஜில்லாவிலிருந்து ஈரோடு ஜில்லாவுக்குப் போய்விட்டு, டவுன் பஸ் மாதிரி அலட்டிக்கொள்ளாமல் திரும்பி வருகிறது. இவ்வளவு அழகான இடத்தில் பிறந்தவள் எங்க சேலத்து அஸ்தம்பட்டி வண்டி இரைச்சலை எப்படியடி பொறுத்துக்கொண்டாய்?

நான் படகுக்காரரிடம், "லைஃப் ஜாக்கெட் இருக்குங்களா?" என்றேன்.

"இருக்குதுங்கக்கா. பாப்பாவுக்கு ஒண்ணு போதுங்களா, ரெண்டு போட்டு உடட்டுங்களா?"

படகே சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தார். படகு ஆடியபோது என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சனா அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அதை மெதுவாக விடுவித்துக்கொண்டார், கோமு. குழந்தையின் விரல் படாமல்.

உங்கள் ஊருக்குள் வரும்போது தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே, "பாய் ஊட்டுப் புள்ளைங்களா? கோமதி சொல்லுமே, ஞாயித்துக்கிழமை பிரியாணி போடுவாங்கன்னு. அவீகதானா?" என்று விசாரித்தார்கள். என் பெயரே உங்க ஊருக்கு எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் ஒருவர் கரும்பை வெட்டிக் கையில் கொடுத்தார், யாரென்றுகூடக் கேட்கவில்லை.

வாசலில் உன் அம்மா நின்றுவிட்டார். உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணமும் சர்க்கரையும் கொண்டுவந்தார். முதன்முதலாக வீட்டுக்கு வரும் குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைத்து, நாக்கில் சர்க்கரை வைப்பார்களே, அதற்காக. ஆனால் கிண்ணத்தைத் திண்டில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சரசு, செத்த வந்து பாப்பாவுக்கு எண்ணெ வெச்சுட்டுப் போ."

சரசக்கா தறியை நிறுத்திவிட்டு வந்தார். "ஏனுங்க்கா, உங்கூட்டுக்கு வந்த புள்ளைக்கு நானெதுக்கு? உங்களுக்கென்ன கை நோவா?"

"பெத்த புள்ளைய வாரிக் குடுத்த கைடி இது. பச்சப் புள்ளைக்கு ஆவாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோபம் இல்லை. காலையிலிருந்து என் குழந்தையைத் தன்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீருக்கும் கொசுவுக்கும் பயந்து பை தூக்கிக்கொண்டு போன நான், என்னைவிடப் பயந்துபோன ஒரு அம்மாவின் எதிரில் நின்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த நொடியை வளரவிடாமல் உன் அம்மாவைத் திண்டில் உட்காரவைத்து, சனாவை அவர் மடியில் வைத்தேன். "நீங்க வெக்கலேன்னா நாங்க படியேற மாட்டோங்கம்மா. அடுத்த பஸ்ஸுக்குப் போயிடுவோம்" என்றேன்.

"சொன்னாக் கேளு சாமி..."

"கோமதி ஊட்டுக்கு வந்திருக்கோம். கோமதி அம்மாதான் வெக்கணும்."

அவர் அள்ளி வைத்த எண்ணெய் சனாவின் நெற்றியில் வழிந்தது. இரண்டு வயது வரைக்கும் சர்க்கரையே கூடாது என்று வைத்திருந்தேன். நானே கண்ணை மூடிக்கொண்டேன். இவள் சர்க்கரை வைத்த விரலைச் சப்பிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள்! இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினாள்.

உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "பாரு சரசு, கோமதியாட்டமே சக்கரைக்குப் பறக்கறா."

அதன்பிறகு சனா என் கைக்கே வரவில்லை. மாட்டுக்குப் புல் போட்டாள், சரசக்கா தறியில் நூலைப் பிடித்து இழுத்து ஏச்சு வாங்கினாள், அந்தத் தனித் தட்டு பையிலேயே கிடக்க, உன் அம்மா தட்டிலேயே சாப்பிட்டாள். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே ஓடினேன். "அதக் கீழ வெச்சுட்டு ஒரு வா சோறு தின்னு கண்ணு. இந்தத் தண்ணி குடிச்சுத்தான் கோமதி உன்னோட காலேஜ்ல ஓட்டப் பந்தயம் ஓடுனா" என்றார்.

பஸ் ஏறும்போது கேட்டார்: "இனி எப்ப வாறீங்க?" விருந்தாளியை வழியனுப்புகிறவர்கள் கேட்கிற கேள்வி மாதிரி இல்லை அது, மகளிடம் அம்மா கேட்கிற மாதிரி இருந்தது.

சனாவை இன்னும் தலைக்குக் குளிப்பாட்டவில்லை. தலையணை எல்லாம் எண்ணெய். இருக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் கோமு. என்னை அறிந்தவள் நீ, இது எனக்கு எவ்வளவு பெரிய வாக்கு என்று உனக்குத் தெரியும். இவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், லீவு விட்டால் உன் அம்மாவிடம் அனுப்புவேன். நான் கூட வராமல். பை இல்லாமல்.

அந்த வீட்டுக்கு இனி இன்னொரு பெண்ணாகிவிட்ட,
உன் பர்வீன்