ஐனாவின் பிறப்புப் பத்திரம்

ஹட்யாய்,
தாய்லாந்து,
7 அக்டோபர் 2024

அன்புள்ள ரொஸ்னா லாத்தாவுக்கு,

உங்கள் தங்கையின் ஸலாம். திட்டுவதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது.

எல்லையெல்லாம் ஒழுங்காகத்தான் தாண்டினோம். இங்கே வேனிலிருந்து இறங்கும் அவசரத்தில் கேமராமேன் இக்மல் என் கறுப்புப் பைக்குப் பதிலாக இன்னொரு கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். திறந்து பார்த்தால் உள்ளே யாரோ ஒரு பெண்மணியின் ஆறு பாத்தேக் கைலியும் ஒரு டப்பா பெலாச்சான் இறால் விழுதும். பாஸ்போர்ட் இருந்த என் பையோடு என் போனும் போயிற்று. கேமரா மட்டும் என் மடியில் இருந்ததால் பிழைத்தது. முசீபத்து என் பின்னாலேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறது, லாத்தா.

அவசரப் பயணத்தாள் வாங்க என் பிறப்புப் பத்திரம் இருந்தால் நல்லது என்கிறார்கள். உங்கள் அலமாரியில் பச்சை ஃபைலில் இருக்கும். துணி வியாபாரி முகம்மது சுல்தான் பாய் வாரத்தில் இரண்டு தடவை பினாங்குக்கும் இங்கேயுமாகப் போய் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். இக்மலின் போனில் வேலை விஷயம், பெயர், ஊர் எதையும் பேசக்கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. பிள்ளை விற்கிறவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். அதனால்தான் கடிதம்.

பிள்ளை விற்பனை பற்றி நாங்கள் எடுக்கும் ஆவணப்படத்துக்கு ஒரு தாய் கிடைத்திருக்கிறாள். பெயர் சித்தி ஹாஜரா. இந்தப் பக்கத்து மலாய்க்காரி; பினாங்கு பக்கம் பிறை என்ற ஊரில் அனுமதித் தாள் இல்லாமல் தொழிற்சாலை வேலை பார்த்தவள். பக்கத்து ஊர் தாசேக் கெலுகோரில் ஒரு சின்னப் பிரசவ விடுதியில் பிள்ளை பெற்றாள். கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள் என்றார்களாம். பதினோரு நாள் கழித்துப் பணத்தோடு அவள் வந்து நின்றபோது பிள்ளை இல்லை. சத்தம் போட்டால் இமிகிரேஷனைக் கூப்பிடுவோம் என்று மிரட்டி எல்லைக்கு இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். சொல்லும்போது அவள் அழவில்லை.

ஐனாக்குட்டிக்கு என் முத்தம். மச்சானுக்கு ஸலாம்.

ஷாஹிரா

•

ஜார்ஜ் டவுன்,
பினாங்கு,
9 அக்டோபர் 2024

அன்புத் தங்கை ஷாஹிராவுக்கு,

ஸலாம். உன்னைத் திட்ட ஆரம்பித்தால் சுல்தான் பாயின் வேன் போய்விடும். அவர் வாசலில் நின்றுகொண்டு, "சீக்கிரம்லா, ரொஸ்னா, பிரிட்ஜ் ஜாம் ஆயிடும்" என்கிறார். நம் சாப்பாட்டுக் கடையில் மத்தியானக் கூட்டம். உன் மச்சான் ஒரு பக்கம் மீன் தலைக் கறிக்குக் கத்துகிறார். கண்ணாடியை வேறு எங்கோ வைத்துவிட்டேன். எது உன் தாள், எது என் தாள் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஃபைலையே அப்படியே கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூட விஷயமாக மச்சான் எடுத்த தாள்களும் அதில்தான் செருகியிருக்கும், கலைத்துவிடாதே.

ஐனாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புக்குப் பல்லில்லாமல் எப்படிப் போவது என்று கண்ணாடி முன்னால் நின்று ஒரே கவலை. சின்னம்மாவுக்குச் சொல்லக்கூடாதாம். நான் சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஊரார் பிள்ளைகளைத் தேடப் போய் நீ தொலைந்துவிடாதே.

உன் லாத்தா,
ரொஸ்னா

•

ஹட்யாய்,
10 அக்டோபர் 2024

லாத்தா,

ஃபைல் கிடைத்தது. என் பத்திரத்தைத் தேடும்போது ஐனாவுடையது கையில் வந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நேற்றிலிருந்து நினைக்கிறேன்.

தாய் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. தந்தை ஹைக்கல் மச்சான். நீங்கள் பெற்றதாகவே எழுதியிருக்கிறது. நான் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தபோது, "எல்லாம் சட்டப்படி தத்து எடுத்தாச்சு" என்று சொன்னீர்களே. பிறந்த இடம் தாசேக் கெலுகோர். விடுதியின் பெயரும் ஹாஜரா சொன்ன அதே பெயர். 9 மார்ச் 2018, பகல் 2.40.

ஹாஜரா ஒரு அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். விடுதியில் கொடுத்த அட்டை. நாலு நாளைக்கு முன்புதான் அதைப் படம் எடுத்தோம்; நம் ஐனா பிறந்த அதே நாள் என்று மட்டும் அப்போது நினைத்தேன். பெண் குழந்தை. 9 மார்ச் 2018. பகல் 2.40.

இது தற்செயல் என்று சொல்லுங்கள். எப்படி என்று விளக்குங்கள், நான் நம்பிவிடுகிறேன். இக்மலிடம் ஃபைலைக் காட்டவில்லை. ஹாஜராவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று மத்தியானம் அவள் எனக்குச் சோறு போட்டாள், லாத்தா. அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட என்னால் முடியவில்லை.

ஷாஹிரா

•

ஜார்ஜ் டவுன்,
12 அக்டோபர் 2024

ஷாஹிரா,

போலீஸ்காரி மாதிரி என்னைக் கேள்வி கேட்கிறாய். நானும் சொல்கிறேன், கேள்.

மூன்று தடவை என் வயிற்றில் தங்கியது கலைந்தது உனக்குத் தெரியும். ஏழு வருஷம், வருகிறவர் போகிறவர் எல்லாரும், "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்கள். அந்த விடுதி மருத்துவச்சியே என்னிடம் வந்து, தாய்க்கு வேண்டாத பிள்ளை, கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்றாள். பத்திரத்தையும் அவளே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் திருடவில்லை.

ஐனா எனக்கு யாரோ இல்லை. பிள்ளை கைக்கு வருவதற்கு முன்பே பால் சுரக்க மூன்று மாதம் ஊசி போட்டுக்கொண்டேன், மாத்திரை சாப்பிட்டேன். நெஞ்சு கட்டி, ஜுரம் வந்து, பால் சுரந்தது. நாலாம் நாள் என் மடிக்கு வந்தாள். மார்க்கம் சொல்கிறபடி ஐந்து தடவை வயிறு நிறையக் கொடுத்தேன். மார்க்கம் படித்த உஸ்தாது கணக்குப் பார்த்து, "இனி இவள் உன் பால் மகள். பெரியவளானாலும் உன் புருஷன் முன்னால் முக்காடு போட வேண்டியதில்லை" என்றார். பெற்றவளால்கூட அவ்வளவு பாடுபட்டிருக்க முடியாது.

மச்சானிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "அவ படத்துக்கு என் பிள்ளதான் கிடைச்சாளா?" என்று கத்தினார். இருபதாம் தேதிக்கு நாகூர் போக மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார். அவருடைய பெரியம்மா வீட்டில் இருப்போம். உன் படம் முடிந்து ஊர் மறந்த பிறகு வருவோம்.

அந்தத் தாளைச் சுல்தான் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிடு. பார்த்ததை மறந்துவிடு. உனக்கு இது படம். எனக்குப் பிள்ளை.

ரொஸ்னா

•

ஹட்யாய்,
14 அக்டோபர் 2024

அன்புள்ள லாத்தா,

கோபத்தோடு படிக்காதீர்கள். என்னையும் உங்கள் பிள்ளை மாதிரி வளர்த்தவர் நீங்கள். உங்களுக்கு எதிராகப் பேனா பிடிப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பே ஊசி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படியானால் டிசம்பரிலேயே உங்களுக்குப் பிள்ளை வருகிறது என்று தெரியும். ஹாஜரா அப்போது ஆறு மாதம். மாதாமாதம் சோதனைக்கு அந்த மருத்துவச்சியிடம்தான் போயிருக்கிறாள். பிள்ளைக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள். அவள் எந்தக் கையெழுத்தும் போடவில்லை. கட்டணம் பாக்கி என்பதெல்லாம் பிறகு சொன்ன சாக்கு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பேசி முடித்துவிட்டார்கள், லாத்தா. பதினோராம் நாள் அவள் விடுதி வாசலில் வந்து நின்றபோது நீங்கள் ஐந்தாவது பாலும் கொடுத்து முடித்திருப்பீர்கள்.

உங்கள் பால் பொய்யில்லை. அதை யாரும் அழிக்க முடியாது. ஆனால் பால் உறவுக்கு அத்தனை கணக்குப் பார்த்தவர்கள், தகப்பன் பெயரை மாற்றக்கூடாது என்று அதே மார்க்கம் சொல்வதை ஏன் பார்க்கவில்லை? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதானே இது?

விமானம் ஏறினால் நீங்களும் அந்த மருத்துவச்சியும் ஒன்றாகிவிடுவீர்கள். உங்களை வேறு யாரோ பிடித்துக்கொண்டு போவதை என்னால் பார்க்க முடியாது. நீங்களே குழந்தைகள் நலத்துறை அதிகாரியிடம் போங்கள். சனிக்கிழமை வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். அதற்குப் பிறகு இந்த ஃபைலைக் கொடுத்துவிடுவேன். கொடுக்காமல் ஹாஜராவின் முன்னால் கேமராவை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

பயணத்தாள் வந்துவிட்டது. எப்போது கூப்பிட்டாலும் வருவேன். ஐனா பாவம், லாத்தா. நீங்களும் பாவம்தான்.

ஷாஹிரா

•

ஜார்ஜ் டவுன்,
18 அக்டோபர் 2024

ஷாஹிராவுக்கு,

நேற்று ஐனாவை நலத்துறையில் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நீ சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று பழைய ஊசிச் சீட்டைத் தேடினேன். முதல் ஊசி 4 டிசம்பர். பிறக்காத பிள்ளையை வேண்டாம் என்று சொன்ன தாய் யார், அவளை நான் பார்க்கலாமா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

மச்சான் வரவில்லை. டிக்கெட்டைக் கிழித்து என் முகத்தில் எறிந்துவிட்டுக் கடைக்குப் போனவர் இன்னும் என்னோடு பேசவில்லை. நான் தனியாகத்தான் போனேன். அதிகாரி நல்ல பெண். மரபணுச் சோதனை முடிவு வரும்வரை பிள்ளை அவர்களுடைய இல்லத்தில் இருப்பாளாம். எங்கள் மேல் வழக்கு வரும் என்கிறார் வக்கீல். வரட்டும். ஐனா என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "உம்மா, பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள வந்திருவீங்கதானே?" என்று கேட்டாள். அவள் விரலை ஒவ்வொன்றாக விடுவித்தது அந்த அதிகாரிதான்.

நீ செய்தது சரி. ஆனால் உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வீட்டுக்கு வராதே. நானாகக் கூப்பிடும்வரை எழுதவும் வேண்டாம். உன் படத்தில் ஐனாவின் முகம் வரக்கூடாது. என் முகத்தை வேண்டுமானால் போட்டுக்கொள்.

கீழே உள்ளதை மலாயில் மாற்றி ஹாஜராவுக்குப் படித்துக் காட்டு. இது உன்னிடம் கேட்கும் உதவி.

சோற்றில் குழம்பு ஊற்றினால் சாப்பிட மாட்டாள், ஓரமாக வைக்க வேண்டும். இறால் ஒத்துக்கொள்ளாது, உதடு வீங்கிவிடும். இடிச் சத்தத்துக்குப் பயப்படுவாள், ஆனால் பயமில்லை என்று சொல்வாள். தலை வாரும்போது இடது பக்கம் சிக்கு அதிகம், மெதுவாக வாரச் சொல். தூக்கத்தில் சில நேரம் "உம்மா" என்று கூப்பிடுவாள். கண் திறக்க மாட்டாள். "இங்கதான் இருக்கேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். யார் சொன்னாலும் தூங்கிவிடுவாள்.

ரொஸ்னா