அம்மாவின் துளி ஒளிரவில்லை

என் பிரியமான அப்பாவுக்கு,

பயமாக இருக்கிறது அப்பா. தம்பியின் படகு கவிழ்ந்த சேதி உங்களுக்கு வந்து சேர்ந்ததா? கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவன் மட்டும் வரவில்லை. போன வாரம் வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு உடல் ஒதுங்கியது. முகத்தை மீன் தின்றிருந்தது. "இது என் புள்ள இல்ல" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அந்த உடலின் பல் ஒன்று, தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே வந்தது. உறவுக்காரி என்பதால் என்னைத் தொடவிடவில்லை. கூட வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்காதான் செய்கிறார். பல்லைப் பொடித்து டிஎன்ஏவைக் கரைசலாக எடுப்பார்கள். அதில் ஒரு துளியை வைத்து மருந்து ஊற்றினால் விளக்கே இல்லாமல் ஒளிரும். இருட்டில் நீங்கள் வலை இழுக்கும்போது கடல் மினுங்குமே, அந்த மாதிரி. ஆனால் இந்த ஒளி கேமராவுக்குத்தான் தெரியும். ஒளி கூடினால் டிஎன்ஏ கூடுதல். யாருடையது என்று அது சொல்லாது, சோதித்துப் பார்க்கப் போதுமா என்றுதான் சொல்லும்.

பல்லின் துளி நன்றாக ஒளிர்ந்தது. ஒப்பிடுவதற்காக அம்மாவின் வாய்க்குள் பஞ்சால் துடைத்து எடுத்திருந்தார்கள். அந்தத் துளியில் ஒளியே இல்லை.

"உங்கம்மா வெத்தல போட்டுட்டு வந்தாங்களாடி? பஞ்செல்லாம் செவப்பா இருக்கு" என்றார் அக்கா. வாயில் எதுவும் போடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன் அப்பா.

ஊருக்குப் போய்க் கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "தெரிஞ்சுதான் போட்டேன். ஒண்ணும் தெரியாதவரைக்கும் அவன் இருக்கான்ல?" இன்னும் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள். உங்களையாவது கட்டிப்பிடித்து அழ முடிந்தது. இவனை என்ன செய்வது?

அவளிடம் மறுபடி பஞ்சை நீட்ட எனக்கு மனசு வரவில்லை. தாய்வழியாக வரும் டிஎன்ஏ அவனிடம் இருப்பதுபோல என்னிடமும் இருக்கிறது. இன்று காலை அந்தப் பஞ்சுக்கு நானே வாயைத் திறந்தேன். ஆய்வக வாசலில் நின்றுகொண்டு, ஒளிராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆய்வகத்துக்காரி வேண்டுகிற வேண்டுதலா இது? அக்கா கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல், "உன்னோடது போதும்டி" என்றார்.

இனி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பாக்கி. அங்கே அவன் உங்களோடு இருக்கிறானா அப்பா? இருந்தால் எனக்கு முன்கூட்டியே சொல்லக் கூடாதா?

முடிவு எதுவானாலும் அம்மாவுக்குப் போனில் சொல்ல மாட்டேன். ஊருக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்வேன். அவன்தான் என்றால், அவனைக் காட்டிக்கொடுத்தது என் எச்சில்தான் என்பதையும் மறைக்க மாட்டேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

அவனுக்கு அக்காவான,
உங்கள் மகள்